பீலுக்கு ஒன்றும் இல்லை, பிரிட்ஜஸுக்கு ஐந்து: என்பிஏ வர்த்தகத்தில் வீரரின் விலை எப்படி அமைகிறது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வான பிராட்லி பீலை 2023இல் வாஷிங்டன் விசர்ட்ஸ் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தபோது, முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (லீக்குக்கு வரும் புதியவர்களில் ஒருவரை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் உரிமை) ஒன்றுகூட நேரடியாகக் கிடைக்கவில்லை. ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாத மிக்கேல் பிரிட்ஜஸை 2024இல் புரூக்ளின் நெட்ஸ் நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுத்தபோது ஐந்து கிடைத்தன. இது எப்படி நியாயமாகும், வீரர்களின் வர்த்தக மதிப்பை எதை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள் என்பது கேள்வி. பல ஆண்டுகளாக என்பிஏவை ஆட்டத்துக்காகவும் அதன் கணக்குவழக்குக்காகவும் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தொகைகள் யாவும் டாலரில்.

என்பிஏவில் ஒரு வீரர் அணி மாறும்போது அவருடைய ஒப்பந்தமும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கூடப் போகிறது. வாங்கும் அணி சம்பளத்தைப் பேரம் பேசிக் குறைக்க முடியாது. மீதமுள்ள ஆண்டுகள், ஆண்டுதோறும் ஏறும் தொகை, கடைசி ஆண்டில் இருப்பதா போவதா என்று வீரரே முடிவுசெய்யும் உரிமை எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொண்டாக வேண்டும். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருப்பதால், ஒருவருக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொருவருக்குச் செலவிட வழியில்லை. ஆகவே ஓர் அணி நிர்வாகம் ஒரு வீரரை எடைபோடும்போது, அவருக்குப் போகும் அதே சம்பளத்தில் வேறு எத்தகையவரைப் பெற்றிருக்கலாம், அவரைவிட இவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார், அந்தக் கூடுதல் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று பார்க்கிறது. அந்த உபரிக்குத்தான் டிராஃப்ட் தேர்வுகள் விலையாகக் கொடுக்கப்படுகின்றன. புகழும் கடந்தகாலச் சாதனையும் அந்த விலையில் சேருவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே சேருகின்றன.

இதைக் கேள்வியில் உள்ள இருவருக்கும் பொருத்திப் பாருங்கள். பீல் 2022இல் வாஷிங்டனோடு ஐந்து ஆண்டுகளுக்கு 25.1 கோடிக்குக் கையெழுத்திட்டார். கைமாறியபோது அதில் நான்கு ஆண்டுகளும் ஏறத்தாழ 20.8 கோடியும் மிச்சமிருந்தன. 2023-24 பருவத்துக்கான அவருடைய சம்பளம் 4.67 கோடி, அதாவது அந்த ஆண்டின் உச்சவரம்பான 13.6 கோடியில் 34 சதவீதம். அவர் முப்பது வயதை எட்டவிருந்தார், காயங்களால் ஆட்டங்களைத் தவறவிடுவது வழக்கமாகியிருந்தது, கடைசியாக ஆல்-ஸ்டார் ஆனது 2021இல். இவை போதாதென்று, தன் சம்மதமின்றித் தன்னை வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற, லீக்கில் மிகச் சிலரே பெற்றிருக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். வாங்குவோர் யார் என்பதையே வீரர் தீர்மானிக்கும் இடத்தில் விற்பவருக்குப் பேரம் பேசும் வலு ஏது? கிறிஸ் பால், லாண்ட்ரி ஷாமெட், சில இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் சில உரிமைகள் ஆகியவற்றோடு வாஷிங்டன் திருப்தியடைய வேண்டியிருந்தது. அந்தத் தடை உரிமை பீலுடன் ஃபீனிக்ஸுக்கும் போனது. அதன் விளைவை ஃபீனிக்ஸ் பின்னால் அனுபவித்தது.

பிரிட்ஜஸின் நிலை நேர்மாறானது. 2021இல் போட்ட நான்கு ஆண்டு, 9 கோடி ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. 2024-25இல் அவருக்குச் சேர வேண்டியது 2.33 கோடி, உச்சவரம்பில் 17 சதவீதத்துக்கும் குறைவு. வயது 27, லீக்குக்கு வந்த நாள் முதல் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைக் காவல் காக்கத் தெரிந்தவர், பந்து கையில் இல்லாதபோதும் பயன்படுபவர். ஐந்து தேர்வுகள் அதிகம்தான் என்பது என் கருத்து, அவற்றில் ஒன்று நிபந்தனையோடு கூடிய மில்வாக்கியின் தேர்வு என்றாலும்கூட. ஆனால் நிக்ஸ் எதற்காக அந்த விலையைத் தந்தது என்பதில் புதிர் எதுவும் இல்லை: சம்பளத்தைவிடக் கூடுதலாக ஆடும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மிச்சமான இடத்தில் மற்ற முக்கிய வீரர்கள் சிலரையும் வைத்துக்கொள்ள அதனால் முடிந்தது.

பீலின் கதை 2025 கோடையில் முடிந்த விதம் இந்தக் கணக்கை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. எஞ்சியிருந்த சுமார் 11.1 கோடியில் 1.39 கோடியை அவர் விட்டுக்கொடுக்க, மீதியைத் தந்து ஃபீனிக்ஸ் அவரை விடுவித்தது. அந்தத் தொகை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பப்பட்டு, ஆண்டுக்கு 1.94 கோடி வீதம், அங்கே ஆடாத ஒருவருக்காக அதன் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். விடுதலையான உடனே கிளிப்பர்ஸ் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு 1.1 கோடிக்கு எடுத்துக்கொண்டது. பீல் என்ற ஆட்டக்காரரை விரும்பிய அணிகள் இருக்கவே செய்தன. ஆண்டுக்கு ஐந்து கோடி வாங்கும் பீலைத்தான் எவரும் விரும்பவில்லை.

சம்பளத்தைத் தொகையாகப் பார்க்காமல் உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வது நல்லது. கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரி கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட காலத்தில், 2012இல், நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடிக்குக் கையெழுத்திட்டார். இரண்டு முறை மிகச் சிறந்த வீரர் விருதை வென்ற பிறகும் 2016-17இல் அவருக்குக் கிடைத்தது 1.21 கோடிதான். அதே ஆண்டில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடியானது. லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் வரம்பில் 13 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் கெவின் டுரான்ட்டையும் சேர்த்துக்கொள்ள கோல்டன் ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது. இப்போது வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்குமேல் ஏறக்கூடாது என்று விதி இருக்கிறது, 2024-25இல் 14.06 கோடியாக இருந்தது 2025-26இல் சரியாக அந்தப் பத்து சதவீதம் ஏறி 15.46 கோடியானது. வரம்பு இப்படி ஏறும் ஆண்டுகளில், அதே வேகத்தில் ஏறாத பழைய ஒப்பந்தம் எதுவும் தானாகவே சற்று மலிவாகிறது.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. தனிப்பட்ட வீரருக்கும் லீக்கில் சம்பள வரம்பு இருக்கிறது: ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில், அனுபவத்தைப் பொறுத்து உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம். இதன் விளைவாக நிகோலா யோகிச் 2025-26இல் வாங்கும் 5.52 கோடியும்கூட மலிவு என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று முறை சிறந்த வீரர் விருது பெற்ற அவரை வரம்பு இல்லாத சந்தையில் ஏலம் விட்டால் அந்தத் தொகையில் எந்த அணியும் நிறுத்திக்கொள்ளாது. சிக்கல் அவருக்குச் சில படிகள் கீழே இருப்பவர்களிடம் தொடங்குகிறது. லீக்கின் இருபதாவது முப்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவர், தன் அணி தன்னை இழக்க அஞ்சும் தருணத்தில், யோகிச் வாங்கும் அதே அளவையோ அதற்குச் சற்றே குறைந்ததையோ கேட்டு வாங்கிவிடுகிறார். சிகாகோவில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்த சாக் லவீனை 2025 பிப்ரவரியில் அந்த அணி அனுப்பியபோது அதற்குக் கிடைத்த முக்கியமான பொருள், ஏற்கெனவே வேறோர் அணிக்குத் தர வேண்டியிருந்த தன்னுடைய சொந்த முதல் சுற்றுத் தேர்வுதான். ஐந்து ஆண்டுகளுக்கு 21.5 கோடி என்ற அவருடைய ஒப்பந்தம் அந்த 24 புள்ளிகளையும் தின்றுவிட்டது. என்பிஏவில் மிக ஆபத்தான கையெழுத்து இந்த நடுப்படியில் இருப்பவர்களுக்குப் போடப்படும் உச்சபட்ச ஒப்பந்தமே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கவைக்குதவாத மாற்று ஆட்டக்காரருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்துவிடும் தவறெல்லாம் இதன் முன்னால் பெரிதல்ல.

இந்தப் படியிலிருந்து தப்பியவர் நிக்ஸின் ஜேலன் பிரன்சன். ஓர் ஆண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 26.9 கோடி பெற்றிருக்கக்கூடிய அவர், 2024இல் நான்கு ஆண்டுகளுக்கு 15.65 கோடியிலேயே நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டார். 2025-26இல் அவருடைய பங்கு 23 சதவீதத்துக்கும் குறைவு. டிராஃப்டின் முதல் சுற்றில் வந்த புதியவர்களின் முதல் நான்கு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: சம்பளம் அட்டவணைப்படி நிர்ணயமாகிவிடுவதால் விக்டர் வெம்பன்யாமாவைப் போன்ற ஒருவர் 2025-26இல் சுமார் 1.34 கோடிக்கு ஆடுகிறார், அவரை எந்த விலைக்கும் எவரும் விற்கமாட்டார்கள்.

இனி, ஒரே வீரர் ஓர் அணிக்குச் சொத்தாகவும் இன்னோர் அணிக்குக் கடனாகவும் இருக்க முடியும் என்பதை, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்டு 2023இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தம் கடுமையாக்கியிருக்கிறது. விதிவிலக்குகளின் வழியே உச்சவரம்பைத் தாண்டும் அணிகள் ஓர் அளவுக்கு மேல் கட்ட வேண்டிய ஆடம்பர வரியின் எல்லைக்கும் மேலே ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று ஓர் எல்லையை அது வகுத்தது. 2025-26இல் அது 20.78 கோடி. அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி அதற்கு ஈடாகப் பெரிய சம்பளக்காரர் ஒருவரை வாங்க முடியாது. அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகப் பெற முடியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய தன் முதல் சுற்றுத் தேர்வையும் விற்க முடியாது. 2024 சாம்பியனான பாஸ்டன், ஜேசன் டேட்டம் குதிகால் தசைநார் அறுந்து வீழ்ந்த பிறகு 2025 கோடையில் என்ன செய்தது என்பது இதற்குச் சரியான சான்று. மூன்று ஆண்டுகளும் 10.4 கோடியும் மீதமிருந்த 35 வயது ஜூரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கு அனுப்பி, ஒரே ஆண்டு மீதமிருந்த ஆன்ஃபர்னி சைமன்ஸைப் பெற்றது. கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸை அட்லான்டாவுக்கு அனுப்பி, மாற்று ஆட்டக்காரரான ஜார்ஜஸ் நியாங்கையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் பெற்றுக்கொண்டது. ஆடுகளத்தில் இவை சமமான மாற்றங்களே அல்ல. ஆனால் பாஸ்டன் வாங்கியது ஆட்டக்காரர்களை அல்ல, எல்லைக்குக் கீழே இறங்கும் வழியை. எனவே வர்த்தக மதிப்பைப் பட்டியலாகப் போடுகிறவர்கள், எந்த அணியின் கணக்கிலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் போட்டால் அந்தப் பட்டியலுக்கு அரைப் பொருள்தான்.

மதிப்பு சுழியத்துக்குக் கீழேயும் போகும். 2023 பிப்ரவரியில் 4.7 கோடி சம்பளம் வாங்கிய ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை அனுப்பி, தேவையான மூவரைப் பெற லேக்கர்ஸ் தன் 2027 முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான். ஆயினும் ‘விற்கவே முடியாத ஒப்பந்தம்’ என்ற முத்திரையை நான் எளிதில் நம்புவதில்லை, அதற்குக் காரணம் கிறிஸ் பால். 2018இல் 33 வயதில் நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடி வாங்கிய அவரை 2019இல் ஹூஸ்டன், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் இரண்டு வரிசை மாற்று உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்து, வெஸ்ட்புரூக்குக்கு ஈடாக ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியது. பந்தை எப்போதும் ஜேம்ஸ் ஹார்டனே வைத்திருந்த ஹூஸ்டனில் மங்கியிருந்தவர், தானே வழிநடத்தும் அணியில் மீண்டும் ஆல்-ஸ்டார் ஆனார். 2020இல் அதே ஒப்பந்தத்தோடு அவரை ஃபீனிக்ஸுக்கு விற்று ஓக்லஹோமா இன்னொரு முதல் சுற்றுத் தேர்வைப் பெற்றது. அடுத்த கோடையில் ஃபீனிக்ஸ் இறுதிச் சுற்றில் ஆடியது. ஏற்றதற்கும் கூலி, இறக்கியதற்கும் விலை. ஓர் எழுத்துகூட மாறாத அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு மாறியதற்கு அவர் ஆடிய பாத்திரம்தான் காரணம்.

இதனால்தான் புள்ளிச் சராசரியை மட்டும் வைத்து மதிப்பிடுவதை நான் தவிர்க்கிறேன். பந்து கையில் இல்லாமல் பயன்படுகிறாரா, பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் எதிரணி அவரைத் தேடிப் பிடித்துத் தாக்குகிறதா, ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்களில் களமிறங்குகிறார் என்பவற்றைப் பார்த்துவிட்டுத்தான் சம்பளப் பக்கத்தைத் திறக்கிறேன்.

கடைசியாக, இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்தமும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் டாலஸ், 25 வயது லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரேயொரு முதல் சுற்றுத் தேர்வு ஆகியவற்றைப் பெற்றது. அந்தக் கோடையில் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 34.5 கோடி தர வேண்டியிருக்கும் என்ற கணக்கும், அவருடைய உடற்தகுதி பற்றிய ஐயமும் சேர்ந்தே அந்த முடிவை உந்தின. வரப்போகும் செலவை எண்ணிப் பார்த்ததில் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன உச்சிப்படியில் நிற்பவர், முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். அவரை நடுப்படிக்காரரின் தராசில் நிறுத்தியதுதான் பிழை. அணி மாறியதால் அந்த உயர்ந்த தொகைக்கான தகுதியை இழந்த டோன்சிச், லேக்கர்ஸோடு மூன்று ஆண்டுகளுக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்திட்டார்.

அதே கோடையில் பிரிட்ஜஸும் நிக்ஸோடு நான்கு ஆண்டுகளுக்கு 15 கோடிக்கு நீட்டிப்புப் பெற்றார். அது 2026-27இல், அவருடைய முப்பதாவது வயதில் தொடங்குகிறது. ஆண்டுச் சராசரி 3.75 கோடி. அவருடைய ஆட்டத்துக்கு அது ஏறக்குறைய சரியான கூலி, அதாவது ஐந்து தேர்வுகளை ஈட்டித் தந்த உபரி இப்போது அவருடைய சம்பளத்துக்குள் போய்விட்டது. அந்தப் புதிய ஒப்பந்தத்தோடு அவர் சந்தைக்கு வந்தால் ஒரு முதல் சுற்றுத் தேர்வு, மிஞ்சினால் இரண்டு கிடைக்கும் என்பது என் கணிப்பு.