65 வாட் மடிக்கணினி சார்ஜர் ராஸ்பெரி பை 5-க்குப் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் வகுப்பறை ஒன்றில் ராஸ்பெரி பை 5 என்னும் ஒற்றைப் பலகைச் சிறு கணினியை வைத்து, அதனுடன் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கையும் இணைக்க, கையிலுள்ள 65 வாட் சார்ஜர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகை இயங்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மின்சாரம் கிடைக்காது. அந்த 65 வாட் பெரும்பாலும் 20 வோல்ட்டில் மட்டுமே கிடைப்பது. பை 5 கேட்பதோ 5 வோல்ட், அந்த அளவில் இத்தகைய சார்ஜர்கள் பொதுவாக 3 ஆம்பியர், அதாவது 15 வாட்தான் தரும். 5 ஆம்பியர் தரும் மின்மூலம் இல்லையெனப் பலகை உணர்ந்தால், யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. சுழலும் டிஸ்க்குக்கு அது போதாது. எனவே 5.1 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அதிகாரபூர்வ 27 வாட் அடாப்டரையே வாங்குங்கள்.

கேபிளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 0.1 ஓம் தடையுள்ள மெல்லிய கேபிளில் 5 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை எச்சரிக்கை காட்டும். அதிகாரபூர்வ அடாப்டரில் கேபிள் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது.

லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டுக்காக ரவுட்டர் யுபிஎஸ் (ரவுட்டர் போன்ற சிறு கருவிகளுக்கான மின்கலப் பெட்டி) வாங்க எண்ணினால், அதன் 5 வோல்ட் வழி எத்தனை ஆம்பியர் தரும் என்பதைப் பாருங்கள். குறைவாக இருந்தால், 230 வோல்ட் தரும் யுபிஎஸ்ஸில் அடாப்டரைச் செருகுவதே நல்லது.