மானிட்டர் மாற்றுவதற்கு முன் மகனைச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டியவை

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், மாலையில் ஸ்டுடியோ ஒன்றில் ஆல்பம் டிசைன் செய்கிறான். போட்டோஷாப்பில் அரக்காக இருக்கும் முகூர்த்தப் புடவை வேறு சாஃப்ட்வேரில் திறந்தால் ஆரஞ்சு, போனில் இன்னொரு சிவப்பு, பிரிண்ட்டில் கருப்படித்துப் போகிறது. அறுபதாயிரத்துக்கு மானிட்டர் கேட்கிறான். வாங்கித் தரலாமா, இல்லை இந்த லைனே அவனுக்கு ஒத்துவராதா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

மானிட்டர் இப்போது வேண்டாம். லைனை விடவும் வேண்டாம். போட்டோஷாப் தெரிந்த பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கலர் எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் போட்டோ பிரிண்ட் போடும் லேபுக்கும் அச்சகத்துக்கும் கிடைப்பதில்லை. உங்கள் மகனுக்கு வந்திருக்கும் தொல்லை, அதைக் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு.

முதலில் ஸ்கிரீனில் கலரை மாற்றும் வசதிகளை அணைக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் இரவில் ஸ்கிரீனை மஞ்சளாக்கும் நைட் லைட், வெளிச்சத்தையும் கலரையும் கூட்டிக் காட்டும் எச்டிஆர். லேப்டாப்பில் பேட்டரி மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் செட்டிங். ஐபோனில் அறை வெளிச்சத்துக்கேற்ப கலரை மாற்றும் ட்ரூ டோன். சாம்சங்கில் ஸ்கிரீன் மோடு 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்'. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்பி "உனக்கும் மஞ்சளாத் தெரியுதா?" என்று கேட்பது வீண்வேலை. நைட் லைட்டின் மஞ்சள் ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது.

அடுத்து, ஒரே ஃபைலைப் போட்டோஷாப்பிலும் குரோமிலும் பக்கத்தில் பக்கத்தில் திறக்க வேண்டும். இரண்டுமே கலர் புரொஃபைலைப் படிப்பவை. புரொஃபைல் என்பது எந்த எண் எந்தக் கலரைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிப்பு; படத்துக்கும் மானிட்டருக்கும் பேப்பருக்கும் தனித்தனியாக உண்டு. இரண்டும் ஒன்றுபோல் சரியாகத் தெரிந்து மூன்றாவது சாஃப்ட்வேர் மட்டும் வேறுபட்டால், அது புரொஃபைலைப் படிக்காத ரகம். அதை நம்பி எடிட் செய்யக் கூடாது. இரண்டுமே சேர்ந்து மஞ்சள் பாரித்தால் மானிட்டர் புரொஃபைல் கெட்டிருக்கலாம். டிரைவர் அப்டேட்டோடு இது அடிக்கடி வந்து சேரும். ஸ்டார்ட் மெனுவில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறந்து, டிவைசஸ் பகுதியில் அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' என்பதை டிக் செய்து, பெரும்பாலான ஸ்கிரீன்களுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே டீஃபால்ட் ஆக்கட்டும். பிறகு போட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். மஞ்சள் போய்விட்டால் அறுபதாயிரம் மிச்சம்.

போகவில்லை என்றால் கோளாறு ஃபைலில் இருக்கலாம். போட்டோஷாப்பில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்ஜிபி/8' என்பதன் பின்னால் # குறி இருந்தால் அந்தப் படத்தில் புரொஃபைலே இல்லை என்று அர்த்தம். 'ரெண்டு படி அரிசி' என்று சீட்டில் எழுதியிருக்கிறது, எந்த ஊர்ப் படி என்று எழுதவில்லை, அந்தக் கதைதான். எஸ்ஆர்ஜிபியில் 255 என்று இருக்கும் முழுச் சிவப்பு, அதைவிட அதிகக் கலர்களை அடக்கும் அடோபி ஆர்ஜிபியில் 219. அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் புரொஃபைல் வழியில் கழன்று விழுந்தால், அந்த 219-ஐ அடுத்த கம்ப்யூட்டர் எஸ்ஆர்ஜிபியின் 219 என்று எடுத்துக்கொண்டு மங்கலாகக் காட்டும்.

எடிட் மெனுவில் உள்ள 'அசைன் புரொஃபைல்', 'கன்வர்ட் டு புரொஃபைல்' இரண்டையும் பையன்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான். அசைன் என்பது சீட்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவது. எண் மாறாது, கலர் மாறும். கன்வர்ட் என்பது அரிசியைக் கொட்டி வேறு படியால் அளப்பது. எண் மாறும், கலர் கூடியவரை அப்படியே நிற்கும். # குறி உள்ள படத்துக்கு அசைன். போனுக்கோ லேபுக்கோ அனுப்பும் படத்துக்கு கன்வர்ட் செய்து எஸ்ஆர்ஜிபி, சேமிக்கும்போது புரொஃபைலையும் உள்ளே வைக்க டிக். கேமராவிலேயே எஸ்ஆர்ஜிபி வைத்துவிட்டால் பாதித் தலைவலி குறையும். நிக்கான் ஃபைல் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படம். போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் 'ப்ரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்' என்று வைத்து, புரொஃபைல் இல்லாதபோதும் பொருந்தாதபோதும் கேட்கும்படி டிக் செய்துவிட வேண்டும்.

பிரிண்ட் கருப்படிப்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் லேப் அல்ல, மானிட்டரின் வெளிச்சம். கடையில் பளிச்சென்று தெரிய ஏற்றி வைத்ததை யாரும் இறக்குவதில்லை. எடிட்டிங்குக்கு வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், இடைப்பட்ட நிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2, சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வெளிச்சம் போதும். இதைக் கண்ணால் வைக்க முடியாது. ஸ்பைடர், காலிபிரைட் போன்ற அளவி வேண்டும். மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும் என்பதால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஆளுக்குக் கொஞ்சம்தான் ஆகும். லேபிடம் அவர்கள் பேப்பருக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்கி, வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப்பில் போட்டு, கன்ட்ரோல், ஒய் சேர்த்து அழுத்தினால் பேப்பரில் எப்படி விழும் என்று கிட்டத்தட்டத் தெரியும். புரொஃபைல் கேட்டால் முழிக்கும் லேபை மாற்றச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு மானிட்டர் வாங்கலாம். இப்போதுள்ள லேப்டாப் ஸ்பெக்கில், ஸ்கிரீன் எவ்வளவு கலர் காட்டும் என்பதற்கு '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் அதில் புடவைச் சிவப்பு முழுசாகத் தெரியவே தெரியாது, மாற்றுவதில் தப்பில்லை. பக்கவாட்டில் பார்த்தாலும் கலர் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி 99 சதவீதத்துக்குக் குறையாமல் என்று கேட்டு வாங்குங்கள். ஆல்பம் வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

செலவு அதிகமில்லாத இன்னொரு வேலை, கண் டாக்டரிடம், கலர் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா டெஸ்ட். சிவப்பு–பச்சை பேதம் பிறவியிலேயே தெரியாத குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பையன்களுக்கே அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. இருந்தாலும் பயப்பட வேண்டாம். லே-அவுட், வீடியோ எடிட்டிங் பக்கம் போகலாம். முகத்தின் நிறத்தைத் திருத்தும் ரீடச்சிங்கும் வீடியோவில் காட்சிகளின் நிறத்தைச் சரிசெய்யும் கலர் கிரேடிங்கும்தான் சிரமம்.

டெஸ்டில் குறை இல்லை என்றால் இந்த மே லீவில் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், ஃபைலை அச்சுக்குத் தயார் செய்யும் ப்ரீபிரஸ் பிரிவில் ஒரு மாதம் போய் நிற்கட்டும், சம்பளம் கேட்காமல். ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி படம் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே ஆகும்போது எந்த நீலம் செத்துப்போகிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பி, தங்கை யாராவது இருந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி இருப்பதையும், தரமணியில் பிரிண்டிங்குக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருப்பதையும் சொல்லிவையுங்கள். மகன் டிகிரியை மாற்ற வேண்டியதில்லை.

வேலை கேட்டுப் போகும்போது இன்ஸ்டாகிராம் பக்கத்தை மட்டும் காட்டாமல், ஒரே படத்தின் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்தபடியே இருப்பது), திருத்திய ஃபைல், லேப் பிரிண்ட் மூன்றையும் எடுத்துப் போகட்டும். பிரிண்டின் பின்புறம் எந்த பேப்பர், எந்த புரொஃபைல் என்று பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஆல்பத்துக்கு முன்னால் முகம், அரக்குப் புடவை, வெள்ளை வேட்டி மூன்றும் உள்ள ஒரு படத்தை 4×6-இல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டியில் நீலமோ மஞ்சளோ ஏறியிருந்தால் முழு ஆல்பத்தையும் அனுப்பாமல் நிறுத்திவிடலாம்.