ரேம் போட்டால் ஓடுமா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஆறு வயது, 4 ஜிபி ரேம். குரோமில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. ரேம் கூட்டலாமா, புதிதே வாங்கலாமா?
– கரூர் வாசகர்

பதில்: அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம்தான் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) பற்றவில்லை. இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது, அந்த அலைச்சல்தான் உங்களுக்குத் திணறலாகத் தெரிகிறது. 8 ஜிபி ஆக்குங்கள், போதும். ஆனால் ரேமைச் செருகக் காலி ஸ்லாட் இருக்கிறதா, இப்போது இருப்பது டிடிஆர்3 வகை ரேமா டிடிஆர்4 வகையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது. (மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், ஸ்லாட்டே இருக்காது.)

அப்புறம், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ரேமுக்கு முன்னால் அதை எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். ஆன் செய்துவிட்டுக் காப்பி போட்டுக்கொண்டு வரும் வேலை அதில்தான் குறையும்.