கொங் ஏன் சிறுத்துப்போனது?

அன்பின் ஐயா,

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளோடு கிங் கொங் படங்களை வரிசையாகப் பார்த்தோம். 1933இல் வந்த முதல் கொங்கை விட 2021இல் கொட்ஸில்லாவோடு மோதும் கொங் பல மடங்கு உயரம். ஆனாலும் பழையதுதான் பெரிதாகத் தெரிகிறது என்கிறார்கள். இப்போது களிமண்ணில் ஓரடிக் கொங் செய்து, கொஞ்சங் கொஞ்சமாக அசைத்து ஃபோனில் படம் எடுத்துக் கோர்க்கிறோம். பொம்மை பொம்மையாகவே தெரிகிறது. பிழை எங்கே?

ஓர் ஆசிரியை

அன்பின் டீச்சர்,

பிள்ளைகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பது என்ன, ஓர் அசைவு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் கண் பருமனை அளக்கிறது. முதல் படத்தில் கொங் தீவில் 18 அடி, நியூயோர்க்கில் 24 அடி. அதன் கைக்குள் ஒரு பெண் இருக்கிறாள், ஜன்னலுக்குள் அதன் முகம் வருகிறது. அளவுகோல் எப்போதும் மனிதன்தான்.

தொடர்ந்து வந்த படங்கள் இதைக் கைவிட்டன. அதே 1933 டிசம்பரிலேயே அவசரமாக வந்த ‘சன் ஒஃப் கொங்’ சின்னக் குரங்கை வைத்துச் சிரிப்புக் காட்டியது. 1962இல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் கொட்ஸில்லாவுக்கு ஈடாகக் கொங்கை 45 மீற்றராக்கியது. 2021இல் அது 300 அடியைத் தாண்டியது. எதிரியும் அதே உயரம் என்றால் இரண்டு பேர் சண்டை பிடிப்பது போலத்தான் இருக்கும். 1976 படத்துக்கு 40 அடி இயந்திரக் கொங்கையே செய்தார்கள்; அது திரையில் சில செக்கன்கள்தான் வருகிறது. அந்தப் படத்தில் நம்பும்படி இருப்பது நடிகையைத் தூக்கும் அந்தப் பெரிய இயந்திரக் கை.

இனி உங்கள் கொங். அதை 25 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 25 மடங்கு. நேரம் அதன் வர்க்கமூலத்தால், அதாவது 5 மடங்கு நீள வேண்டும். ஓரடி உயரத்திலிருந்து விழும் கல் கால் செக்கனில் தரைக்கு வரும், 25 அடியிலிருந்து விழுவது ஒன்றேகால் செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 12 படம் என்றால், தலைக்கு மேல் தூக்கிய முஷ்டி தரையில் அடிக்க 15 படம் தேவை. மூன்று நான்கு படத்தில் முடித்தால் பொம்மை கை தட்டியது போலாகிவிடும். இறங்கத் தொடங்கும்போது படத்துக்குப் படம் சிறு நகர்வு, கடைசியில் பெரிய நகர்வு.

கெமரா உயரமும் முக்கியம். மனிதக் கண் ஐந்தடி உயரம் என்றால் உங்கள் அளவில் அது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவு. லென்ஸ் கீழே வரும்படி ஃபோனைத் தலைகீழாக நிறுத்துங்கள்.

தேயிலைச் செடிக்கு நடுவே கொங்கை நிறுத்த ஆசை வரும். வேண்டாம். மூன்று அங்குல இலை ஆறடி இலையாகத் தெரியும். கவ்வாத்து வெட்டிய மிளாறு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த குச்சி, இருக்கிறதே, அதைவிட நல்ல மரம் கடையில் கிடைக்காது. முடிச்சும் முறுக்குமாக எட்டு அங்குலத் துண்டு ஒன்று பதினாறு அடிக் கிழட்டு மரமாக நிற்கும். அடியில் பாசி போடலாம், ஆனால் முதலில் காய வைத்துப் போடுங்கள். ஈரப் பாசி விளக்குச் சூட்டில் சுருங்கி, படத்தில் தரை ஊர்வது போல் தெரியும்.

மூடுபனி வெளியே நிறைய இருந்தாலும் உள்ளேயே எடுங்கள். உண்மைப் பனி படத்துக்குப் படம் துள்ளும். மெல்லிய வெள்ளை வலைத்துணியை மரங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று அடுக்காகத் தொங்கவிட்டால் தூரம் வந்துவிடும். முதல் படத்தில் கொங் பொம்மையை அசைத்துப் படமாக்கிய வில்லிஸ் ஓ'பிரையன் காடு வரைந்த கண்ணாடிகளை அடுக்கியதும் இதற்காகத்தான். தண்ணீர் காட்டவே வேண்டாம், துளியைச் சிறிதாக்க முடியாது.

ஃபோனில் வெளிச்ச அளவு, ஃபோகஸ், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். ஜன்னலை மூடிவிடுங்கள்.

உள்ளே கம்பி இல்லாத களிமண் கை தொங்கிவிடும். அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுங்கள். முதலில் முறிவது மணிக்கட்டும் கணுக்காலும், அதனால் கம்பியை அங்கே மாற்றக்கூடியதாக வையுங்கள். பாதத்தைப் பலகைக்கு அடியிலிருந்து ஆணியால் பிடிக்க வேண்டும். ரோமம் ஒட்டுவதானால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைத் தொட்டு அசையுங்கள். 1933 கொங்கின் முயல் ரோமம் சிலிர்ப்பது அசைத்தவர்களின் விரல் பட்டுத்தான்.

முஷ்டி அடியை முதலில் எடுங்கள். அந்த 15 படமும் சரியாக வந்த பிறகு நடக்க வைக்கலாம்.