வற்றிய ஆறும் பொது ஆறுதானா?

கேள்வி: பழைய ரோமானியச் சட்டப்படி ஆறு பொதுச் சொத்து என்கிறார்கள். எங்கள் பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். இதுவும் அதில் சேருமா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: சேருவது கடினம். ஆண்டு முழுக்க ஓடுவதுதான் அவர்களுக்குப் பொது ஆறு. மழைக்கு மட்டும் பெருகுவது காட்டாறு. வற்றாத ஆறு ஏதோ ஒரு கோடையில் வறண்டால் அந்தத் தகுதி போய்விடாது என்று உல்பியன் என்ற சட்ட அறிஞர் எழுதினார். நம் ஊரில் இந்தச் சோதனை இல்லை. தண்ணீர் ஓடாவிட்டாலும் ஆற்றுப்படுகை புறம்போக்குதான். அதுவே சரி. மணலுக்கு அடியில் ஓடும் நீரைத்தானே வட ஆர்க்காட்டில் ஊற்றுக்கால் (ஊற்று நீரைக் கொண்டுபோகும் கால்வாய்) வெட்டிப் பாசனத்துக்கு எடுத்தார்கள்!

ஆனால் ரோமானியர்களுடைய தடை உத்தரவைக் கவனியுங்கள். பொது ஆற்றிலோ கரையிலோ எதையாவது கட்டி, 'போன கோடையில் ஓடிய விதம்' மாறும்படி செய்யக் கூடாது. பிரேட்டர் என்ற நீதி அதிகாரி 'செய்யாதே' என்றும் உத்தரவிடலாம், 'கட்டியதை எடுத்துப் பழையபடி ஆக்கு' என்றும் உத்தரவிடலாம். அளவுகோல் ஏன் கோடை? மழைக்காலத்தில் ஆறு நிலைகொள்ளாது. கோடையில்தான் இயல்பான போக்கு தெரியும். அனுமதியில்லாத வாய்க்கால்களால் ஆறு வற்றிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

கேள்வி: தண்ணீரைக் கெடுத்தவருக்கு அங்கே தண்டனை உண்டா? தோல் தொழிற்சாலைத் தீர்ப்பு ரோமானியச் சட்டத்திலிருந்து வந்ததா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: உண்டு. கி.பி. 97-இல் ரோம் நகர நீர் அதிகாரியான ஃப்ரொன்டினஸ் ஒரு பழைய சட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்: பொதுக் குழாய் நீரை வேண்டுமென்றே அசுத்தம் செய்தால் 10,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம். நீர்க்கால்வாயைச் சேதப்படுத்தினால், கி.மு. 9-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1,00,000. ஊற்றுகள், கால்வாய் வளைவுகள், சுவர்களின் இருபுறமும் 15 அடி காலியாக விட வேண்டும். மரத்தின் வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும்.

தோல் தொழிற்சாலைத் தீர்ப்பு ரோமானியச் சட்டத்திலிருந்து வந்ததல்ல; உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர்த் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. முன்னெச்சரிக்கை, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளே அதன் அடிப்படை. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் இயற்கையை மீட்கும் செலவும் தனி. இந்தச் செலவுப் பொறுப்புதான் முக்கியம். அபராதம் மட்டும் என்றால் கட்டிவிட்டுக் கழிவை விடுவார்கள். ரோமானியச் சட்டம் பேசப்படுவது அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்த, பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதிக்காக மாற்றியது பற்றிய கமல்நாத் வழக்கில். காற்றும் நீரும் கடலும் எல்லோருக்கும் பொது என்ற, ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் காலக் கோட்பாட்டை, அரசு மக்களுக்காகக் காத்து நிற்கும் அறங்காவலர் என்பதற்கு அடித்தளமாக நீதிமன்றம் காட்டியது.

கேள்வி: பக்கத்துக் கடைப் புகைக்கு ரோமானியச் சட்டத்தில் தடை உண்டா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: பாலாடைக்கட்டிக் கடையின் புகை மேலேயுள்ள கட்டடத்துக்குப் போன வழக்கில், அதற்கான உரிமையை முன்பே பெற்றிருந்தாலொழிய அனுப்பக் கூடாது என்று அரிஸ்டோ என்ற ரோமானியச் சட்ட அறிஞர் கருத்துச் சொன்னார்.