கிளவுடுக்கு மாறிய சிமுலேட்டரில் டாங்கி தாவுகிறதே, ஏன்?

கேள்வி: இரண்டு ஊர்களில் உள்ள டாங்கி, ஹெலிகாப்டர் பயிற்சி சிமுலேட்டர்களை டிஐஎஸ் (DIS, சிமுலேட்டர்கள் தங்கள் வண்டிகளின் நிலையை ஒன்றுக்கொன்று சொல்லும்) நெறிமுறையில் இணைத்து ஓட்டிவந்தோம். எதிரிப் படையை உருவாக்கும் மென்பொருளை மட்டும் கிளவுடில் கன்டெய்னராக (தேவையானவற்றோடு கட்டிய மென்பொருள் பொதியாக) போட்டோம். முதலில் ஒரு வண்டியும் திரையில் வரவில்லை. எப்படியோ வரவைத்தால், இப்போது தாவித் தாவி ஓடுகின்றன. பெரிய சர்வர் எடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டிஐஎஸ்ஸில் ஒரு வண்டியின் நிலையைச் சொல்லும் பாக்கெட் 144 பைட்தான். அசையும் பாகம் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 16. நிற்கும் வண்டி 5 நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். ஆயிரம் வண்டிகள் நின்றாலும், யூடிபி, ஐபி தலைப்புகளைச் சேர்த்து நொடிக்குச் சுமார் 275 கிலோபிட். இதற்குப் பெரிய சர்வர் எதற்கு?

வண்டிகள் வராததற்குக் காரணம் பிராட்காஸ்ட். ஒரே லேனில் (LAN, உள்ளூர் நெட்வொர்க்) எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்புவது டிஐஎஸ்ஸின் பழக்கம். அமேசான் கிளவுடின் தனி நெட்வொர்க்கான விபிசியில் பிராட்காஸ்ட் கிடையாது. மல்டிகாஸ்ட் (சேர்ந்த குழுவுக்கு மட்டும் அனுப்புவது) வேண்டுமென்றால் டிரான்சிட் கேட்வே அமைக்க வேண்டும். அஷூரின் மெய்நிகர் நெட்வொர்க்கில் இரண்டுமே இல்லை. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கும் இவற்றை வெளியே விடாது. ஊருக்கொரு டிஐஎஸ் கேட்வே, கிளவுடில் ஒன்று என வைத்து, அவற்றுக்கிடையே யூனிகாஸ்டில் (ஒருவருக்கு ஒருவர் நேராக) அனுப்புங்கள். பல பாக்கெட்டுகளைக் கட்டி அனுப்பும் வசதி இருந்தால் கட்டின் அளவை 1300 பைட்டுக்குள் நிறுத்துங்கள். விபிஎன் தன் பங்குக்கு இடம் எடுத்துக்கொள்வதால், வழக்கமான உச்ச அளவான 1500-ஐ நெருங்கும் கட்டு வழியில் துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் போச்சு.

தாவலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ரெப்ளிகாக்களை, அதாவது ஒரே மென்பொருளின் நகல்களை. ஒவ்வொரு வண்டிக்கும் தள எண், பயன்பாட்டு எண், வண்டி எண் என மூன்று எண்கள் உண்டு. ஒரே இமேஜிலிருந்து (கன்டெய்னரின் அச்சு) இரண்டு கன்டெய்னர்கள் கிளம்பினால் இரண்டுமே, உதாரணமாக, 7:1:42 என்ற டாங்கியை அனுப்பும். வாங்கும் சிமுலேட்டர் இரண்டையும் ஒன்றென நம்பி, அதை இங்கும் அங்குமாக வரையும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் அந்த எண்ணுக்கு வடிகட்டிப் பாருங்கள். அனுப்புநர் ஐபி இரண்டு தெரிந்தால் இதுதான் நோய். பயன்பாட்டு எண்ணை இமேஜுக்குள் எழுதாமல், கன்டெய்னர் கிளம்பும்போது சூழல் மாறியாகக் கொடுங்கள்.

ஐபி ஒன்றுதான் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பாக்கெட்டின் நேர முத்திரை உண்மையான கடிகார நேரத்தைச் சொல்லும் (absolute) வகையாக இருந்தால், பாக்கெட் கிளம்பிய நேரத்திலிருந்து இப்போது வண்டி எங்கே இருக்கும் என்று சிமுலேட்டர் கணக்கிடும். அனுப்புநர் கடிகாரம் அரை நொடி பிந்தினால், நொடிக்கு 70 மீட்டர் பறக்கும் ஹெலிகாப்டர் 35 மீட்டர் முன்னால் தெரியும். திருப்பத்தில் வெளியே வழுக்கிப் போய்த் திரும்ப ஒட்டிக்கொள்ளும். கன்டெய்னர் தன் ஹோஸ்டின் கடிகாரத்தைத்தான் படிக்கிறது. ஆகவே ஹோஸ்டையும் இரண்டு ஊர் கணினிகளையும் ஒரே என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) மூலத்தில் கட்டுங்கள்.

12 நொடி செய்தி வராத வண்டியைத் திரையிலிருந்து நீக்குவது இயல்பான அமைப்பு. மின்னி மறையும் வண்டி பாக்கெட் இழப்பின் அடையாளம். தரைக்கு மேலே மிதக்கும் டாங்கி வேறு விஷயம்: இரு பக்கத்து நிலப்பரப்புத் தரவும் ஒன்றாக இல்லை.

சேவைகளாகவே பிரித்து வழங்கும் எண்ணம் இருந்தால், நேட்டோவின் எம்எஸ்ஜி-136 குழு 2014 முதல் வகுத்த கட்டமைப்பைப் படியுங்கள். அங்கே சிமுலேட்டர்களை இணைக்கும் இன்னொரு தரமான எச்எல்ஏதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அதுவரை ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். டிஐஎஸ் பாக்கெட்டில் மறையாக்கமும் இல்லை, அனுப்பியவர் யார் என்ற சோதனையும் இல்லை. வழக்கமான 3000 போர்ட்டைச் சோதனைக்கென்றுகூடப் பொது இணையத்துக்குத் திறக்காதீர்கள். கேட்வேக்களுக்கு இடையே ஐபிசெக் (மறையாக்கிய விபிஎன் வழி) மட்டும்.