ஒரே 'டேக் ஆஃப்', பல அர்த்தங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் 'டேக் ஆஃப்' பற்றியவை. சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: சட்டையைக் கழற்றினாலும் டேக் ஆஃப், விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப். எப்படிப் பிரித்தறிவது?

செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். 'ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்' என்றால் ஷூவைக் கழற்றினார். 'த ப்ளேன் டுக் ஆஃப்' என்பதில் செயப்படுபொருளே இல்லை. விமானம் தானாக மேலெழும்புகிறது. அதனால் 'த பைலட் டுக் ஆஃப் த ப்ளேன்' என்று எழுதாதீர்கள், 'த பைலட் டுக் ஆஃப்' போதும். 'ஹெர் பிசினஸ் டுக் ஆஃப்' என்பதும் இதே அமைப்புதான்: வியாபாரம் சூடுபிடித்துவிட்டது.

கேள்வி: 'டேக் ஆஃப் இட்' என்று சொல்லலாமா?

கூடாது. 'இட்', 'தெம்' எல்லாம் நடுவில்தான் வரும்: 'டேக் இட் ஆஃப்'. பெயர்ச்சொல் என்றால் 'டேக் யுவர் கோட் ஆஃப்', 'டேக் ஆஃப் யுவர் கோட்' இரண்டும் சரி.

கேள்வி: 'ஐ ஆம் டேக்கிங் ஆஃப் டுமாரோ' என்று மேனேஜருக்கு அனுப்பினேன். 'எந்த ஊருக்கு?' என்று கேட்கிறார். லீவு கேட்டது தப்பா?

லீவு கேட்டதில் தப்பில்லை, நாளைச் சொன்ன இடம்தான் சிக்கல். நீங்கள் நாளைக்கு எங்கோ கிளம்புவதாக அவர் எடுத்துக்கொண்டார். நாளைக் குறிக்கும் சொல்லை நடுவில் வையுங்கள்: 'ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்', 'கேன் ஐ டேக் டூ டேஸ் ஆஃப்?' அமெரிக்கர்கள் 'டேக் ஆஃப் ஃப்ரைடே' என்றும் சொல்வதுண்டு. ஆனாலும் லீவு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் தராமல் எழுதுவதே நல்லது.

கேள்வி: விமானிகள் ரேடியோவில் பெரும்பாலும் 'டிபார்ச்சர்' என்கிறார்களே, ஏன்?

அருமையான கேள்வி. 1977 மார்ச் 27 அன்று, கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்றின் துணை விமானி 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்றார். அந்த விமானம் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையோ, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டது. விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் இந்த ஒரு 'அட்' எத்தனை பெரிய குழப்பத்தை உண்டாக்கியது பாருங்கள். அதன்பிறகு, மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது நடைமுறையானது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'தான்.

கேள்வி: 'ஹி டேக்ஸ் ஆஃப் த பிரைம் மினிஸ்டர்' என்று பிரிட்டிஷ் பத்திரிகையில் படித்தேன். பிரதமரை நீக்குகிறாரா?

இல்லை, அவரைப் போலப் பேசி, நடித்துக் காட்டுகிறார். நாம் மிமிக்ரி என்கிறோமே, அதுதான்.